கீச்சானுக்கு எவ்ளோ பெரிய தொட்டி?

போன வெள்ளிக்கிழம காலைல எங்க வூட்ல ஒரு பஞ்சாயத்து. வாதி — ஒரு மீனு. பிரதிவாதி — நானு. ஜட்ஜ் — எங்க அம்மா.

தீர்ப்பு இன்னான்றீங்களா? இருங்க சார், மொதல்ல கேஸ சொல்றேன்.

வைகாசில எனக்கு கல்யாணம் ஆன சேதிய இதே பக்கத்துல தம்பட்டம் அடிச்சேனே, ஞாபகம் கீதா? பொண்ணு பேரு வசந்தா. ஊரு சட்ராஸ். அவங்கப்பா அங்க ஸ்கூல் வாத்தியார். வாசல்ல நின்னா கடல் தெரியற வூடு. அப்பிடி வளந்த பொண்ண கொண்டாந்து உத்திரமேரூர்ல வெச்சா இன்னா ஆவும்? மொத நாளே கேட்டா — "இன்னாங்க, இந்த ஊர்ல சத்தமே இல்ல?" பஸ் ஸ்டாண்டு, ரைஸ் மில்லு, எங்க சித்தப்பா கொறட்ட… இதெல்லாம் அவ கணக்குல சத்தமே கெடையாது. அலை அடிச்சாத்தான் சத்தம்.

ஆனில எங்க மாமனாரு பொண்ண பாக்க வந்தாரு. மத்த மாமனாருங்க பூ, பழம், ஸ்வீட்டு வாங்கினு வருவாங்க. இவரு ஒரு பால் கேன்ல கடல் தண்ணிய ரொப்பிக்கினு வந்தாரு. உள்ள ஒரு மீனு! வெரல் நீளம். வெள்ளி ஒடம்பு, அதுல வில்லு மாதிரி வளைஞ்ச மூணு கறுப்பு கோடு. கையில எடுத்தா கீச்சு கீச்சுன்னு கத்துது. அதனாலதான் அதுக்கு கீச்சான்னு பேராம். வசந்தா மொகத்த நீங்க பாத்திருக்கணும். தாலி கட்னப்ப கூட அப்பிடி சிரிக்கல.

சரி, எதுல வுடறது? அங்கதான் நம்ம பிசிக்ஸ் மூள வேல செஞ்சிது. நான் படிச்ச காலேஜ் லேப்ல வெளிம்பு ஒடஞ்சி போச்சின்னு தூக்கிப் போட்ட பெல் ஜார் ஒண்ணு என்கிட்ட இருந்துது. கோயில் மணி ஷேப்புல கீற பெரிய கண்ணாடி. அத தலகீழா திருப்பி, பானை வெக்கற பிரிமணை மேல ஒக்கார வெச்சேன். ஒண்ணரை கொடம் தண்ணி புடிச்சிது. வளைஞ்ச கண்ணாடில பாத்தா நம்ம கீச்சான் வெரால் மீன் சைசுக்கு தெரியுது. தெருவே வந்து பாத்துட்டு போச்சி.

அப்புறம் வந்துது ஆடி.

புதுசா கல்யாணம் ஆனவனுக்கு ஆடின்னா இன்னான்னு தெரியும். மச்சான் வந்தான், வசந்தாவ கூட்டிக்கினு கெளம்பினான். போறப்ப அவ என்ன பாக்கல — ஜார பாத்தா. "நான் வரும்போது இது உசுரோட இருக்கணும். இல்லன்னா வந்த பஸ்லயே திரும்பி பூடுவேன்"ன்னா. சிரிச்சிக்கினுதான் சொன்னா. ஆனா அந்த சிரிப்புல பாதிதான் சிரிப்பு. எங்கம்மாவும் அவங்க பங்குக்கு ஒரு ஆர்டர் போட்டாங்க: ஆடி முடியற வரைக்கும் அந்த ஊர் பக்கம் நான் தலவெச்சி கூட படுக்கக் கூடாது.

படுக்கல. சத்தியமா படுக்கல. ஆனா மீன் கீதே, அது நாலு நாள்ல தண்ணிய நாறடிச்சிடுச்சி. புது கடல் தண்ணி வோணும். ஏரி தண்ணி ஆவுமா? கெணத்து தண்ணி ஆவுமா? கடல் இன்னா செங்கல்பட்லயா கீது? நான் இன்னா பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க.

காலைல நாஷ்டா துன்னுட்டு கேனோட பஸ் ஏறினா, செங்கல்பட்டுல மாறி, மத்தியானத்துக்குள்ள சட்ராஸ். கேன்ல தண்ணி மொள்ள அஞ்சி நிமிஷம். நனைஞ்ச வேட்டி காய நாலு மணி நேரம். வேட்டி எங்க காய வெக்கறது? மாமனார் வூட்லதான். வசந்தா கதவுக்கு பின்னாடி நின்னுக்கினு கேப்பா, "கீச்சான் நல்லா துன்றானா? தனியா கீறமேன்னு ஏங்கறானா?" நானும் கீச்சான் ரொம்ப எளச்சி பூட்டான்னு சொல்லுவேன். எங்க மாமியாரு சமையக்கட்டுல கேட்டுக்கினு, பாவம், நெஜமாவே மீனுக்காக வருத்தப்பட்டாங்க.

இப்பிடி ரெண்டு தபா போய் வந்தேன். பெரிய தொட்டி வெச்சா தண்ணி சீக்கிரம் கெடாதுன்னு எனக்கு தெரியாதா? தெரியும். ஆனா தண்ணி கெடலன்னா நான் எதுக்கு சட்ராஸ் போறது? அதனால மூச்சு வுடல.

அப்பதான் ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன் வந்துது. ஞாயித்துக்கிழம கூட லீவு கெடையாது. பத்து நாள் நவுர முடியல. ஆடிக் காத்து வேற — ஜார்ல தண்ணி தெனமும் ரெண்டு வெரக்கட எறங்குது. வுடுவேனா? கடல் தண்ணி கொறஞ்சா கடல் தண்ணி மாதிரியே கலந்து ஊத்தணும் இல்ல? கெணத்து தண்ணில கல்லு உப்ப அளந்து போட்டு, தெனமும் காலைல ஊத்தினேன். என் சயின்ச நெனச்சி எனக்கே பெருமையா இருந்துது.

பத்தாவது நாள் கீச்சான் மேல வந்து வாயப் பொளந்துக்கினு நின்னுது. கோடு மூணும் வெளுத்துப் போச்சி. மண்புழு போட்டா திரும்பி கூட பாக்கல. கையில எடுத்தேன் — சத்தமே வரல.

வந்த பஸ்லயே திரும்பற வசந்தா கண்ணு முன்னாடி வந்தா.

அம்மா வந்தாங்க. இன்னா பண்ணேன்னு கேட்டாங்க, சொன்னேன். ஒரு வெரல தண்ணில வுட்டு நாக்குல வெச்சாங்க. மூஞ்சி அஷ்டகோணலா போச்சி.

"ஏண்டா நைனா, தண்ணி காத்துல பூடுச்சி, சரி. உப்பு எங்கடா போச்சி?"

நான் ஜாருக்குள்ள எட்டிப் பாத்தேன்.

"கொழம்பு சுண்டினா உப்பு கரிக்குமா, சப்புனு ஆவுமா? சுண்டின கொழம்புல தெனம் ஒரு கை உப்பு போட்டிருக்க. இதுக்குதான் மெட்ராஸ்ல மூணு வருஷம் படிச்சியா?"

சார், ஆவியா போறது தண்ணி மட்டும்தான், உப்பு அப்பிடியே நிக்கும். பரிட்சைல எழுதி மார்க் வாங்கினவன் நான். பேப்பர்ல தெரிஞ்சது ஜார்ல தெரியல. பக்கத்து வூட்டு பால்காரர் கிட்ட பால் கெட்டியா கீதான்னு பாக்கற லாக்டோமீட்டர வாங்கி தண்ணில வுட்டேன். உப்பு கனத்துல அது முக்கால்வாசி வெளிய தூக்கிக்கினு நின்னுது. அவசரமா பாதி தண்ணிய எடுத்துட்டு, நல்ல தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா சேத்தேன். சாயந்தரத்துக்குள்ள கீச்சான் அடியில எறங்கி நீந்த ஆரம்பிச்சான். மண்புழுவ ஒரே கவ்வு. போன உசுரு வந்துது — எனக்கு.

ஒண்ணு புரிஞ்சிது. சின்ன தொட்டி நம்ம தப்ப ஒரு நாள் கூட பொறுத்துக்காது. பெரிய தொட்டி மொட்டாளுக்கும் ஒரு வாரம் டைம் குடுக்கும். உப்புத் தண்ணி மீனுக்கு எவ்ளோ பெரிய தொட்டி? நீ எவ்ளோ பெரிய மொட்டாளோ, அவ்ளோ பெரிய தொட்டி!

இப்ப தீர்ப்பு. அம்மா பின்கட்டுல சும்மா கெடந்த கல்லு தொட்டிய காட்டினாங்க. மாட்டுக்கு தண்ணி காட்றதுக்கு வாங்கி, மாட்ட வித்தப்புறம் காலியா கீற தொட்டி. "இதுல வுடு. மருமவ வர்றதுக்குள்ள தொட்டி ரொம்பணும். மீனும் பொழைக்கும். நீயும் நாலு நாளைக்கு ஒரு தபா சட்ராஸ் ஓட வேணாம்."

எல்லாம் தெரிஞ்சிதான் இருந்திருக்காங்க! நான் தலைய ஆட்டினேன். ரொம்ப நல்ல புள்ளயா ஆட்டினேன்.

தொட்டிய தேச்சி கழுவிக்கினு இருக்கும்போது அம்மாக்கு ஏதோ தோணிச்சி.

"இது எத்தினி கேன் புடிக்கும்?"

"பத்து."

"பஸ்ல ஒரு நடைக்கு எத்தினி கேன் எடுத்தார வுடுவான்?"

"ஒண்ணுதாம்மா."

தேச்ச தேங்கா நாரு அம்மா கையிலயே நின்னுது. அம்மா என்ன பாத்தாங்க. நான் தொட்டிய பாத்தேன். அவங்களே சிரிச்சிட்டாங்க. உள்ள போய் ஒரு பொட்டலம் கட்டி எடுத்தாந்தாங்க. "முறுக்கு. அவளுக்கு புடிக்கும். போறதுதான் போற, குடுத்துட்டு வா."

இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச குஷில ஆபீசர் ஒரு வாரம் லீவும் குடுத்துட்டாரு. இதுவரைக்கும் நாலு கேன் ஆச்சி. கீச்சான் கல்லு தொட்டில ரவுண்டு அடிச்சிக்கினு கீறான். அஞ்சாவதுக்கு நாளைக்கு காலைல பஸ்ஸு.

வூட்ல கடல் மீன் வளக்கலாமான்னு யோசிக்கிற புது மாப்ளைங்களே, கடல் மாமியார் ஊர்ல இருந்தா, கெடைக்கறதுலயே பெரிய தொட்டியா பாத்து வாங்குங்க!