இராசரத்தினம் ஏறிய இரண்டாவது கப்பல்

தவமலர் பருத்தித்துறையில் பிறந்தவள். கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டுதான் அரிசி கழுவினாள். மாடிவீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் தண்ணீர். அப்படி இருந்தும் ஒரு நாளும் அவள் கப்பலில் கால் வைத்ததில்லை.

தெஹிவளையில் சின்னப்பிள்ளைகள் படிக்கும் ஒரு நேசரியில் அவள் டீச்சர். அவளிடம் அகரம் எழுதிய பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போகிறார்கள். புருஷன் இராசரத்தினம் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தார். கதை குறைந்த மனிதர். கோபம் வந்தாலும் கதைக்க மாட்டார், சந்தோஷம் வந்தாலும் கதைக்க மாட்டார். தவமலரை “நீர்” என்றுதான் கூப்பிடுவார். அந்த “நீர்” என்ற சொல்லில் இருந்த மரியாதையும் அன்பும் தனக்குப் போதும் என்று அவள் பழகிக்கொண்டாள்.

அறுபது வயது ஆவதற்கு முன்பே அவருக்கு மறதி தொடங்கிவிட்டது. வேலை முடிந்து பஸ்ஸில் வந்தவர் வெள்ளவத்தையில் இறங்காமல் இரத்மலானை வரைக்கும் போய்விடுவார். விமான நிலைய வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை யாராவது விசாரித்து, அவருடைய போனில் தவமலருக்கு எடுத்துச் சொல்வார்கள். பஸ்ஸில் நித்திரையாகிவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மூன்றாம் தரமும் அதே வேலியடியில் நின்றபோது டொக்டரிடம் கூட்டிப் போனாள். டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை மெல்ல மெல்லச் சுருங்குகிறது, மருந்தால் கொஞ்சம் பிந்தச் செய்யலாம், நிறுத்த முடியாது என்றார்.

மகள் மேனுகா மெல்பேணில் இருந்தாள். தகப்பனுக்குத் தன் முகம் மறந்துபோக முன் ஒரு தரம் அவரோடு இருக்க வேண்டும் என்று அவள் போனில் அழுதாள். அவுஸ்திரேலியா வரை பிளேனில் அவரைக் கொண்டுபோவது கஷ்டம். அவள்தான் கப்பல் யோசனையைச் சொன்னாள்.

“அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் சிங்கப்பூருக்கு வாங்கோ. நானும் வாறன். அங்கையிருந்து பினாங், புக்கெட் போய்த் திரும்பி வாற கப்பல் இருக்கு. ஒரே அறை. பெட்டியை ஒருக்கால் திறந்து அடுக்கினால் போதும். ஹோட்டல் மாறி மாறி அப்பாவைக் குழப்பத் தேவையில்லை.”

தவமலருக்கு அது நியாயமாகப் பட்டது. போனை வைக்காமலே இராசரத்தினத்திடம் கேட்டாள்.

“கப்பலிலை போவமேயப்பா?”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “தண்ணி குடுப்பினமோ?” என்று கேட்டார்.

போனில் மேனுகா சிரித்துவிட்டாள். தவமலரும் சிரித்தாள். “தண்ணி என்ன, ஐஸ்கிறீமும் குடுப்பினம்” என்றாள்.

காலி வீதியில் டிக்கெட் போடும் புவாத் அவளுக்குப் பழக்கமானவன். அவனுடைய மகளும் அவளிடம் படித்தவள். அவன் தேத்தண்ணி வரவழைத்து, ஆறுதலாக எல்லாம் சொல்லிக் கொடுத்தான்.

“அன்ட்டி, கப்பல் வெளிக்கிடுற நாள்லயே போய் எறங்க வாணாம். ஒரு நாள் முந்திப் போய் சிங்கப்பூர்ல தங்குங்க. பிளேன் பிந்தினா கப்பல் ஒங்களுக்காக நிக்காது. ரூமை நடுவுல, கீழ்த் தட்டுல எடுங்க. அங்க ஆட்டம் கொறவு. லிஃப்டுக்குக் கிட்டவும் பாத்துப் போடுறன், அங்கிளுக்கு லேசு.”

“பல்கனி உள்ள அறை நல்லம் எண்டு மகள் சொன்னாள்.”

“வாணாம் அன்ட்டி. அங்கிள் இப்பிடி இரிக்கக்குள்ள பல்கனி வாணவே வாணாம்.” அவன் குரலைத் தாழ்த்தித்தான் அதைச் சொன்னான். “பெரிய பேக்கை வாசல்லயே வாங்கிடுவாங்க, ரூமுக்கு வந்துசேர பின்னேரமாகும். மருந்து, பாஸ்போட், ஒரு மாத்து உடுப்பு எல்லாம் கைப்பேக்குலயே வைங்க. கரையில எறங்காட்டியும் மலேசியா விசா கேப்பாங்க, அத நான் எடுத்துத் தாறன். நடுக்கடல்ல போனை நிப்பாட்டி வைங்க, இல்லாட்டி பில்லுல வீடே போயிடும். வாந்திக்கு இஞ்சி டொஃபி கொஞ்சம் வாங்கிக்கங்க. பிறகு, மொத நாளே சைரன் அடிச்சு எல்லாரையும் ஒரு எடத்துல சேப்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு காட்டுறது, அவ்வளவுதான்.”

அவள் எல்லாவற்றையும் அவன் சொன்னபடியே செய்தாள். ஒரு நாள் முந்திப் போனார்கள். விமான நிலையத்தில் மேனுகா தகப்பனைக் கட்டிப்பிடித்தபோது, “எப்ப வந்தனி பிள்ளை?” என்று கேட்டார். பேர் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை என்றாரே, அதுவே மேனுகாவுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கப்பலில் ஏறினார்கள். அறை சின்னது, ஆனால் துப்புரவாக இருந்தது. இராசரத்தினம் கட்டிலில் இருந்து கையால் விரிப்பைத் தடவிப் பார்த்தார். சாப்பாட்டு மண்டபத்தில் சோறு, பருப்பு எல்லாம் இருந்தன, ஆசையாகச் சாப்பிட்டார். இந்தப் பயணம் நல்லபடி முடியும் என்று தவமலர் அப்போது நம்பினாள்.

பின்னேரம் சைரன் அடித்தது. ஊழியர்கள் எல்லாரையும் ஒரு தட்டில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். வெயில், நெரிசல், பிள்ளைகளின் அழுகை, ஒலிபெருக்கியில் விளங்காத பாஷை. சிவப்பு மேலங்கி போட்ட ஒருவன் மிதவைச் சட்டையை எப்படிக் கட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தான். தவமலர் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். மேனுகா எதையோ கேட்க, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பினாள்.

ஒரு பெண் வீறிட்டாள்.

இராசரத்தினம் யாரோ ஒரு சின்னப் பெண்பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஐந்தாறு வயதிருக்கும். பிள்ளை பயத்தில் அழவும் இல்லை. தாய், கோயம்புத்தூர்க்காரி, பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாள். தகப்பன் இராசரத்தினத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். காவலுக்கு நின்ற இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

“தொடாதேங்கோ! ஒருத்தரும் இவளைத் தொடாதேங்கோ!” என்று இராசரத்தினம் கத்தினார். அந்தக் குரலைத் தவமலர் முப்பது வருஷத்தில் ஒரு தரமும் கேட்டதில்லை.

“இழுக்காதேங்கோ, தயவுசெய்து இழுக்காதேங்கோ” என்று அவள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போனாள். நேசரியில் ஒரு பிள்ளை எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டால், பறிக்கப் பறிக்கப் பிடி கூடும். கையை நீட்டிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“தாங்கோ. நான் வைச்சிருக்கிறன்.”

அவர் அவளைப் பார்த்தார். அவளை அவருக்குத் தெரியவில்லை. 

“எறிய மாட்டியளோ?”

தன்னை அவர் “நீங்கள்” என்று மரியாதை போட்டுக் கேட்டது அந்த நேரத்திலும் தவமலருக்கு உறைத்தது. ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணிடம் கெஞ்சும் மரியாதை அது.

“எறிய மாட்டன்,” என்றாள். “சத்தியமாய் எறிய மாட்டன்.”

அவர் பிள்ளையை அவள் கையில் கொடுத்தார். அவள் தாயிடம் கொடுத்தாள். தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு, திட்டுவதற்குத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அவர் கேட்டது அவளுக்கும் விளங்கியிருந்தது.

அறைக்குக் கூட்டி வந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதியைக் குடித்தவர், மிச்சத்தை மூடி, “வதனிக்கு இருக்கட்டும்” என்றார்.

வதனி அவருடைய ஒரே தங்கச்சி. எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழரின் வீடுகளை எரித்த கலவர நேரம், ஆறு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று மாமியார் ஒரு தரம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரை எடுத்ததில்லை. எரிந்த வீட்டோடு படங்களும் போய்விட்டதால் அவள் முகம் எப்படி என்றுகூடத் தவமலருக்குத் தெரியாது.

“வதனி எங்கையப்பா?” என்று மேனுகா மெல்லக் கேட்டாள்.

அவர் சொன்னார். நேற்றுச் சாப்பிட்டதைச் சொல்லத் தெரியாதவர், அதை முறை பிசகாமல் சொன்னார். வெள்ளவத்தையில் வீட்டுக்கு நெருப்பு வைத்தது. தகப்பன் வேலைக்குப் போனவர் திரும்பி வராதது. தாயும் அவரும் வதனியும் இரத்மலானையில் பிளேன் நிறுத்தும் கொட்டகைக்குள் சனத்தோடு சனமாகக் கிடந்தது. அங்கேயே வதனிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பிறகு லொறியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், வடக்கே காங்கேசன்துறைக்குப் போகிற சரக்குக் கப்பலில் ஏற்றினார்கள். மேல் தட்டில் இருக்க இடமில்லை. வெயில். தண்ணீர் முடிந்துகொண்டு வந்தது.

“நான் பால்மா ரின்னைக் கொண்டுபோய் தண்ணி லைனிலை நிண்டனான். கொஞ்சம் கிடைச்சது. கொண்டு வரேக்கை அவள் கண்ணை மூடியிட்டாள்.”

“பிறகு?”

“வைச்சிருக்கேலாது எண்டு சொல்லிச்சினம். மற்றப் பிள்ளையளுக்கும் தொத்திப்போடும் எண்டு. அம்மான்ரை சேலையிலைதான் சுத்தினவை. அம்மா குடுக்கேல்லை. தாயைப் பிடியடா எண்டு எனக்குச் சொல்லிச்சினம். நான் அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.” அவர் நிறுத்திப் போத்தலைப் பார்த்தார். “கரையிலை இறங்கேக்கை அம்மா சொன்னவ, ஊரிலை கேட்டால் காய்ச்சல் எண்டு சொல்லடா. கடலிலை போட்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு.”

அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. தாய் சொல்லைத் தட்டாமல் நாற்பது வருஷம் இருந்திருக்கிறார். பக்கத்தில் படுத்த தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்ற கோபம் தவமலருக்கு வந்தது. அடுத்த நொடி, அவர் தண்ணீர் கேட்டபோது தான் சிரித்தது நினைவுக்கு வந்து, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவரைத் தனியே விடக்கூடாது என்று கப்பல்காரர் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்ச நாட்களில் தாயும் மகளும் மாறி மாறி அவரோடு இருந்தார்கள். பினாங்கிலும் புக்கெட்டிலும் அவர்கள் இறங்கவில்லை. எல்லாரும் கரைக்குப் போனபின் கப்பல் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தில் மட்டும் அவரை மேல் தட்டுக்குக் கூட்டிப்போய் நிழலில் இருத்துவார்கள். அவர் வதனி எங்கே என்று கேட்பார். நித்திரை என்பாள் தவமலர். “எழுப்ப வேண்டாம்” என்பார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்பார். மேனுகா ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான்தானே கப்பலைச் சொன்னேன் என்று அவள் புலம்பியபோது தவமலர் அவளைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். தலையைத் தடவிவிட்டாள்.

கோயம்புத்தூர்க் குடும்பம் அவர்களைக் கண்டால் வேறு வழியால் போனது. இறங்குகிற நாள் வரிசையில் மட்டும் அந்தத் தாய் கிட்ட வந்து, “அய்யா இப்ப எப்படி இருக்கார்?” என்று கேட்டாள். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாள், கீழே இறக்கவில்லை. “பரவாயில்லை” என்றாள் தவமலர். 

வெள்ளவத்தைக்குத் திரும்பியபின் அவர் சொற்கள் வேகமாக உதிர்ந்தன. முதலில் பேர்கள் போயின. பிறகு “நீர்” போனது. வதனியும் போனாள். போத்தலில் தண்ணீர் மிச்சம் வைப்பதையும் விட்டுவிட்டார். அதற்காகச் சந்தோஷப்படுவதா என்று தவமலருக்குத் தெரியவில்லை.

மேல்மாடியில் இருந்த மாக்ரெட், தானும் புருஷன் ரெனால்டும் கப்பல் பயணம் போகப்போவதாகச் சொல்லி விவரம் கேட்க வந்தாள். அறையை எங்கே எடுப்பது, மருந்தை எதில் வைப்பது என்றெல்லாம் தவமலர் பொறுமையாகச் சொன்னாள். எல்லாரும் இறங்குகிற நேரத்தில் கப்பல் அமைதியாக இருக்கும், அதுதான் நல்ல நேரம் என்றும் சொன்னாள். வாசல் வரை போனவளை நிறுத்தி, “போக முதல் ரெனால்டிட்டைக் கேளும், அவர் முந்தி எப்பவாவது கப்பலிலை போனவரோ எண்டு. ஆறுதலாய் இருந்து கேளும்” என்றாள். மாக்ரெட்டுக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாசி மாதம் சளி நெஞ்சில் கட்டி இராசரத்தினம் இறந்துபோனார். மேனுகா அன்றைக்கே வெளிக்கிட்டு வந்தாள். மரண அறிவித்தல் எழுத, அவருடைய பெரியப்பாவின் மகன் கிருபாகரன் வந்திருந்து, உறவுகளை ஒழுங்காகக் கேட்டு எழுதினார். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்பு மருமகன், தவமலரின் அன்புக் கணவர்.

“காலஞ்சென்ற வதனியின் அன்புச் சகோதரர் எண்டும் போடுங்கோ” என்றாள் தவமலர்.

கிருபாகரன் பேனையை நிறுத்தினார். “அதை ஏன் மச்சாள் இப்ப? சின்னப்பிள்ளையிலை போனது. ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குத்தான் போடச் சொல்லுறன்.”

அவர் எழுதினார். செத்தவீட்டுக்கு வந்த சனம் அறிவித்தலைப் படித்துவிட்டு, வதனி யார் என்று கேட்டது. அவருடைய தங்கச்சி, கப்பலில் இறந்துபோனாள் என்றாள் தவமலர்.

“எந்தக் கப்பல்? நீங்கள் மகளோடை போன கப்பலோ?”

“இல்லை,” என்றாள் அவள். “இது எண்பத்து மூண்டிலை.” கேட்டவளைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, இரத்மலானையிலிருந்து தொடங்கிச் சொன்னாள்.