பதினேழாம் நம்பர் முத்திரை

ரேடியோ செய்யும் ஆலையில் இருபத்தாறு வருஷம் அவளுக்குச் சோதனை மேசையில்தான் வேலை. சர்க்யூட் பலகை ஒவ்வொன்றும் அவள் கைக்கு வரும். விளக்கடியில் திருப்பிப் பார்ப்பாள், மீட்டர் முனையை வைப்பாள், சரியென்றால் ஓரத்தில் ஒரு ரப்பர் முத்திரை. அவளுடைய முத்திரையின் எண் பதினேழு. ஆலையில் அதுவே அவள் பெயராகி, வீடுவரை வந்து, கடைசியில் பெற்ற தாயே "பதினேழு சாப்பிட்டாளா?" என்று கேட்கும்படி ஆயிற்று. கடுகளவு ஈயம் கூடினாலும் பலகை வந்த வழியே திரும்பிவிடும். "கரகரன்னு ஒரு சத்தம் வந்தாக்கூட என் நம்பர் விழாது" என்பாள். மேஸ்திரி தலைகீழாக நின்றாலும் விழாது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தம்பியோ கரகரப்புக்கே உயிரை விட்டவன். இருவருக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் ஏழு வயது இடைவெளி. இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான். தம்பிக்கு வார நாளில் அச்சகத்து வேலை, சனி ஞாயிறு மேடையில் எலெக்ட்ரிக் கிட்டார். காலடியில் சின்னதாக ஓர் இரும்புப் பெட்டி வைத்திருப்பான். ஃபஸ் பெடல் என்று பெயர். அதை ஒரு மிதி மிதித்தால், பளிங்குபோல் வந்துகொண்டிருந்த சத்தம் கிழிந்து, அழுதழுது தொண்டை கட்டின மனுஷன் பாடுவதுபோல ஆகும். வெகு காலத்துக்கு முந்திய சரக்கு. அந்த மாதிரிப் பெட்டி பிறகு கண்ணில் படவில்லை.

ஒரு நாள் அதன் பேட்டரிக் கம்பி விட்டுப்போயிற்று. அக்காவிடம் கொடுத்து, "இதை மட்டும் ஒட்டிக் குடுக்கா" என்றான். திறந்தவளால் அந்த மட்டோடு நிற்க முடியவில்லை. உள்ளே சத்தத்தைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் இரண்டையும் மீட்டரில் பார்த்தாள். ஒன்று நோஞ்சான், மற்றது முரடு, போதாததற்கு அதில் மின்சாரக் கசிவு வேறு. இரண்டையும் பிடுங்கிப் புதுசு போட்டாள். பழையதை ஆலையின் கழிவுத் தொட்டியில் எறிந்தாள். பழக்க தோஷம், பெட்டிக்குள் முத்திரையும் குத்தினாள்.

வாசித்துப் பார்த்தவனுக்கு அந்தத் தொண்டை கட்டின சத்தம் வரவில்லை. பெட்டியோடு வந்து நின்றான்.

"கம்பியைத்தானே ஒட்டச் சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்லடா. ஒண்ணு ஒழுகுது. இந்தக் குப்பையை வச்சுக்கிட்டா இத்தனை நாளு வாசிச்ச?"

"அந்தக் குப்பை எங்க?"

"தொட்டியில போட்டேன். அன்னன்னைக்கே நசுக்கிடுவாங்க."

அவன் பெட்டியைத் திறந்து முத்திரையைக் காட்டினான். "இதை நீ பாஸ் பண்ணிட்ட. நான் ஃபெயில் ஆயிட்டேன்." அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது. பெட்டியைத் தெருக் குப்பையில் வீசிவிட்டு, கிட்டாரைப் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான். உறவுக்காரர் வீடுகளில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் மற்றவர்களை "வாங்க" என்பான். இவள்மேல் பட்ட கண் சுவரில் பட்டதுபோலப் போய்விடும். இப்படி ஒன்பது வருஷம்.

அவள் ஓய்வு பெற்று, முத்திரையை ஆலையிலேயே ஒப்படைத்துவிட்டு வந்த வருஷம், தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, அவருக்கு இடது காது போயிடுச்சு. வலதும் போயிட்டு இருக்காம். டாக்டர் ஒரு வருஷம்கிறாரு."

பதினேழு அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம், "அதுக்குள்ள அந்தச் சத்தம் அவன் காதுல விழணும்" என்றாள்.

மறுநாளே பழைய சாமான் கடைக்குப் போய், உயிர்போன ரேடியோக்களை வாரினாள். "என்னம்மா, பிரேதப் பரிசோதனையா?" என்றான் கடைக்காரன். "ஆமாம்பா, கொலை பண்ணினதே நான்தான்" என்றாள். அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை.

தம்பியின் பழைய பெட்டிக்குள் மொத்தமே பதினோரு உருப்படிதான். எது எங்கே நின்றது, எந்தக் கம்பி எதன் காலைத் தொட்டது என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணுக்குள் இருந்தது. சுவிட்ச் போடும் கெட்டி அலுமினியப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டாள். ரேடியோக்களிலிருந்து கழற்றிய பதினாலு டிரான்சிஸ்டரையும் அளந்து, கசிவே இல்லாத, இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்த இரண்டைப் பொறுக்கி வைத்தாள். மற்றதை ஒரு மூடியில் தள்ளினாள்.

தம்பி அச்சகத்துக்குப் போன பகலில், அவன் மனைவி கிட்டாரையும் சின்ன ஒலிபெருக்கியையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவருக்குமே வாசிக்கத் தெரியாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவள் கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்ட, இவள் கையால் பெட்டியை அழுத்தினாள். ஒத்துப் பார்க்க, அவன் மேடையில் வாசித்ததைப் பதிந்த பழைய நாடா ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"சத்தம் வருது அண்ணி. ஆனா மாமியார் முன்னாடி நிக்கிற மருமக மாதிரி வருது."

பதினேழு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கொன்று சேரவே இல்லை, ஒன்று ஒழுகுகிறது: ஒன்பது வருஷத்துக்கு முன் குற்றமாக அவள் வாயாலேயே சொன்னது. இன்றைக்கும் அதே கைதான் பொறுக்கியிருக்கிறது. கழித்துப்போட்ட மூடியை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். முன்னால் ஒரு நோஞ்சான், பின்னால் ஒரு முரடு. மாற்றி மாற்றி வைத்தாள். தம்பி மனைவி விரல் சிவக்கத் தட்டினாள். எத்தனையாவதோ தடவை, நன்றாகக் கசிகிற ஒன்றைப் பின்னால் வைத்ததும், தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. சத்தம் கம்மிக் கம்மித் தானாகவே அடங்கிற்று.

"இதுதான் அவரு" என்றாள் தம்பி மனைவி.

அந்த இரண்டையும் ஈயம் வைத்து ஒட்டும்போது பதினேழின் கை இரண்டு முறை பின்வாங்கியது. இருபத்தாறு வருஷத்தில் தெரிந்தே கெட்டதை விட்ட கையில்லை அது. மூன்றாம் முறை ஒட்டிவிட்டாள்.

பெட்டியைக் கொடுத்தனுப்பி எட்டு நாளாயிற்று. ஒரு சேதியும் இல்லை. ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் தம்பியே வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்தான்.

"வெயில் ஏறினா சத்தம் மாறுது. பழசும் அப்படித்தான் மாறும்."

"ஒண்ணு ஒழுகுதுடா. தெரிஞ்சேதான் வச்சேன்."

"தெரிஞ்சேவா? நீயா?"

"நான்தான்." கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள்: "அதே சத்தமாடா?"

அவன் பொய் சொல்லவில்லை. "இல்லக்கா. அது போச்சு. இது அதுக்குத் தங்கச்சி." கூடவே, "தினம் வாசிக்கிறேன். காது இருக்கிற வரைக்கும் வாசிப்பேன்" என்றான்.

அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பையிலிருந்து பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினான்.

"நம்பர் எங்க?"

"முத்திரையை ஆலையிலேயே வாங்கிட்டாங்கடா."

"கையால எழுது."

மையும் குச்சியும் தேடி எடுத்து வந்தாள். ஒன்று நேராக விழுந்தது. ஏழு கோணிப்போயிற்று. துணியை எடுத்துத் துடைக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்று அவன் மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினான்.