இரண்டு மணல் டின்கள்

அல்வாலில் புதிதாகச் சேர்ந்த ஜிம்மில் துரு வாடை அடித்ததும், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பையன்கள் எடை தூக்கிய தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு வயதில் நானும் தூக்கிப் பார்க்கப் போனேன். "பொண்ணுக்கு இதெல்லாம் கைக்கு, எதுக்கு? நக்கோ, வேணாம், போ!" என்று பக்கத்து வீட்டு ரங்கா எல்லோர் முன்னாலும் என் கையை முறுக்கி வெளியே தள்ளினான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு எண்ணெய் டின்களில் பாதி மணல் போட்டுத் தூக்குவேன், நடப்பேன், இறக்குவேன். வேறெதுவும் கிடையாது, வாரத்துக்கு ஒரு பிடி மணல் மட்டும் கூடும்.

அடுத்த கோடையில், "பஞ்சா போடலாம், வா" என்று ரங்காவைக் கூப்பிட்டேன். முழங்கைகளைப் பலகையில் ஊன்றிக் கைகளைக் கோத்தோம். அவன் கையைச் சாய்த்துவிட்டேன்.

"வலிக்குது, விடுடி!"

அவன் கண்ணில் நீர் வந்த பிறகுதான் விட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தியிருக்கலாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.