முட்டை ஓடும் முனைவர் பட்டமும்

ஆய்வுக்குப் பதிவு செய்த முதல் மாதம் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் இரண்டு கைப்பிடி முட்டை ஓடு கேட்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

எங்களுக்குக் கோழிப்பண்ணை. நாமக்கல் பக்கம் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. சாயப்பட்டறைத் தண்ணீரில் கலந்திருக்கும் நிறத்தை முட்டை ஓட்டுப் பொடியால் எடுக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு. ஒரு டம்ளர் சாயத் தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுக் கலக்கி, வடிகட்டி, மிச்சமிருக்கும் நிறத்தை அளப்பேன். வெறும் ஒரு சிட்டிகை. இதை வீட்டில் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த முறை போனபோது ஒரு தீவன மூட்டை நிறைய ஓடு கட்டி வைத்திருந்தார் அப்பா. பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகளை வாங்கும் பேக்கரிக்காரரிடம் சொல்லி வைத்து, ஓட்டை மட்டும் திருப்பி வாங்கியிருக்கிறார். அம்மா அதைக் கழுவி, உள்தோலை உரித்து, வெயிலில் காயவைத்திருக்கிறார்.

"பத்துமா சாமி?" என்றார் அப்பா.

"பத்துங்கப்பா."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டை. சேலம் விடுதியில் என் கட்டிலுக்கு அடியில் மூட்டைகள் சேர்ந்தன. எறும்பு வந்தது. அறைத்தோழி திட்டினாள். பெற்றவர்கள் கொடுத்ததைத் தூக்கிப் போட மனம் வரவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் சோம்பல்.

சொந்தக்காரர்களுக்கு நான் டாக்டருக்குப் படிப்பவள். கல்யாண வீடுகளில் அத்தைமார் சேலையை ஒதுக்கி முழங்காலைக் காட்டுவார்கள். "பரிச்சை எப்ப அம்மிணி?" என்று ஒரு மாமா கேட்டார். பரீட்சை கிடையாது என்றேன். "பரிச்சையில்லாம அதென்ன படிப்பு?" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பரீட்சையில் முதலில் வருகிறவளுக்கு ஆய்வும் தானாக வந்துவிடும் என்று நம்பியவள் நான். ராத்திரி பகலாக உழைத்தால் முடிவு வந்தே தீரும் என்றும், தடுமாறினால் வழிகாட்டி கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார் என்றும் நம்பினேன். வழிகாட்டி நல்ல மனிதர்தான். என்னைப் போல அவருக்கு இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

ஆய்வகத்தில் நானே கலந்த சாயத்தில் நிறம் இறங்கியது. எடப்பாடிப் பக்கத்துச் சாயப்பட்டறைகளிலிருந்து கேனில் வந்த நிஜத் தண்ணீரில் இறங்கவில்லை. என் கையில்தான் கோளாறு என்று இரண்டு வருடம் அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். அனுப்பிய கட்டுரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியாக ஒன்று திரும்பிய அன்று மின்னஞ்சலைப் படித்து முடித்துவிட்டு, மெஸ்ஸில் இன்னொரு தோசை வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குள் ஏதோ மரத்துப்போய்விட்டது என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

அப்பா காலத்தைக் கோழியை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார். குஞ்சு இறக்கியதிலிருந்து, முட்டை ஓய்ந்து கறிக்கு ஏற்றுவது வரை ஒரு பேட்ச், ஏறக்குறைய ஒன்றரை வருடம். "நாலு பேட்ச் மாறிப்போச்சு. உன்ற படிப்பு இன்னும் முடியலயா சாமி?" என்று ஒருநாள் கேட்டார். கோபமில்லை. இன்னும் ஒரு மூட்டை சேர்த்துக் கட்டினார்.

ஆறாவது வருடம், பதிவுக்காலம் முடிகிறது, வேண்டுமானால் நீட்டிப்புக் கேட்கலாம் என்று கடிதம் வந்தது. விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன். தினமும் பார்த்தேன். கடைசித் தேதி போயிற்று. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டில் சொல்வது மட்டும் பாக்கி.

தீவனக் கொட்டகையில் அப்பா நின்றிருந்தார். "அப்பா, எனக்குப் பட்டம் கெடைக்காதுங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றேன். தீவனம் கலக்கும் மெஷினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நம்ம ஓடு சரியில்லையா?"

ஓட்டில் குறையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தச் சிட்டிகையைச் சொல்ல வேண்டும், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மூட்டைகளைச் சொல்ல வேண்டும், நிரப்பாமல் விட்ட விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும்.

"ஆமாங்கப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "வெயிலுக்கு ஓடு மெலிசாத்தான் வருது சாமி. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்" என்றார், தப்புச் செய்தவர் குரலில். வெட்கப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. வெட்கம் வரவில்லை. உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

ஓடு கெட்டிப்பட வேண்டுமென்றால் தீவனத்தில் கிளிஞ்சல் தூளைக் கூட்டுவார்கள். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது, அப்பா வழக்கத்தைவிட ஒரு கூடை அதிகமாகக் கொட்டிக் கலந்துகொண்டிருந்தார்.