தோளைக் கொடுத்து வாங்கிய டோன்

இன்னிக்கு மகாபலிபுரத்துல ஒரு பீச் ரிசார்ட்ல எங்க ஆபீஸ் ஆண்டு விழா. எலக்ட்ரிக் கிட்டார் வாசிச்சது அடியேன்.

எந்த கிட்டாரைக் கொண்டுபோறதுன்னு ஒரு மாசமா வீட்ல பட்டிமன்றம். என்னோட வெள்ளை கிட்டார் தோள்ல இருக்கறதே தெரியாது, ஆனா டோன் மெலிசு. மச்சினன்கிட்ட இரவல் வாங்கின சிவப்பு கிட்டாருக்கு டோன் கெட்டித் தயிர், எடை அம்மிக்கல்லு.

"வெள்ளையவே எடுத்துட்டுப் போங்க. ஏற்கனவே தோள் வலி"ன்னா மனைவி.

"உனக்கு டோனைப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டுட்டு, சிவப்பை மாட்டிக்கிட்டு நாவலூர்ல ஆபீஸ் பஸ் ஏறினேன்.

ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வாசிச்சேன். கடைசிப் பாட்டுல இடது தோள் இருக்கா இல்லையான்னே தெரியல. ஆனாலும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, உருகி உருகி வாசிச்சேன். எங்க டீம் மொத்தமும் முன்வரிசையில நின்னு, "டோன் சூப்பர் மச்சான்!"னு கத்துச்சு.

இறங்கி வந்து மைக்செட்காரர்கிட்ட பெருமையா கேட்டேன். "கிட்டார் வெளிய எப்படிண்ணே கேட்டுச்சு?"

"கிட்டாரா? கொர்ருனு ஒரே இரைச்சலா வந்துகினு இருந்துச்சு அண்ணாத்த. மொத பாட்டுலயே உன் லைனை மூடிட்டேன்."

மேடையில என் காலடியில இருந்த சின்ன ஸ்பீக்கர்ல எனக்கு மட்டும் கேட்டிருக்கு.

இப்போ மனைவி தைலம் தேய்ச்சுக்கிட்டே கேக்கறா, "டோன் எப்படி இருந்துச்சாம்?"

"எல்லாரும் சூப்பர்னாங்க"ன்னேன். பொய் இல்லையே.

முன்வரிசை மச்சான்களா, கமெண்ட்ல வந்து சொல்லுங்க. உங்களுக்கு என்னதான்டா கேட்டுச்சு?