பாலிஷ்காரருக்கு இடப்பக்கம்

மேஜையை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்த பிறகும் தம்பி உட்காருவதில்லை. நான்கு நாற்காலிகளும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே உயரம். ஆனாலும் அவன் தண்ணீர் குடிக்கிறான், ஜன்னல் கொக்கியைச் சரிபார்க்கிறான், குனிந்து செருப்பு வாரை இறுக்குகிறான். பாலிஷ்காரர் பொத்தென்று ஒரு நாற்காலியில் விழுந்ததும், அவருக்கு இடப்பக்க நாற்காலி தம்பியுடையதாகிவிடுகிறது.

"என்னடா, என் பக்கத்துல புதையல் ஏதாவது இருக்கா?" என்பார் அவர்.

"உங்க பக்கத்துல காத்து நல்லா வருதுண்ணே" என்பான் தம்பி.

அவனுக்கு வயது நாற்பத்தொன்று. அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பட்டறையிலும் எல்லாருக்கும் தம்பியாகிவிட்டான். மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் லென்ஸின் ஓரத்தைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டுவது அவன் வேலை; அந்த ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பாலிஷ்காரர் வேலை. மயிரிழை கூடினால் லென்ஸ் உள்ளே போகாது; மயிரிழை குறைந்தால் போட்டவர் குனியும்போது கீழே விழும். பதினாறு வருடத்தில் அவன் வெட்டியது திரும்பி வந்தது ஏழே ஏழு முறை. இது அக்கா சொல்வது. அவனைக் கேட்டால் ஒன்பது என்பான்.

சனிக்கிழமை பட்டறைக்கு அரை நாள். இயந்திரங்கள் ஓய்ந்ததும் பின்னறையில் போக்கர் ஆட்டம். காசு கிடையாது. கீறல் விழுந்து ஒதுக்கிய லென்ஸ்கள் ஆளுக்கு நாற்பது. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி வரும். நடுவில் பொதுச் சீட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வரிசையாகப் பேச வேண்டும்: லென்ஸ் கட்டலாம், கட்டியதை ஏற்றலாம், யாரும் கட்டாதவரை பாஸ் சொல்லலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். மற்ற எல்லாரும் ஒதுங்கிவிட்டால், மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வார். யார் முன்னால் பழைய கண்ணாடிக் கூடு இருக்கிறதோ அவர் கடைசியாகப் பேசுவார். அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில். ஆட்டத்துக்கு ஆட்டம் கூடு ஓர் இடம் நகரும்.

"நல்ல சீட்டு வந்தா ஜெயிக்கப்போற. இதுல என்னடா பெரிய மூளை?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். தம்பி சாப்பாட்டு மேஜையில் நான்கு டம்ளர்களை வட்டமாக வைத்தான்.

"சீட்டு யாருக்கு வேணா வரும்க்கா. முதல்ல பேசுறவனுக்கு ஒண்ணும் தெரியாது, இருட்டுல காலை வைக்கிறான். கடைசில பேசுறவன் மூணு பேரு மூஞ்சியையும் பாத்துட்டுப் பேசுறான். முதல் இடத்துல நல்ல சீட்டு இருந்தாத்தான் விளையாடணும். கடைசி இடத்துல சுமாரான சீட்டே போதும்."

"அதுக்கு எதுக்குப் பாலிஷ்காரர் பக்கத்துல போய் ஒட்டிக்கிற?"

"அவருதான் எல்லாத்துக்கும் ஏத்துவாரு. அவருக்கு இடப்பக்கம் இருந்தா அவரு பேசின பிறகுதான் முக்கால்வாசி நேரம் நான் பேசணும். மழை வருதான்னு அவரு எட்டிப் பாப்பாரு, நான் குடை எடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்."

வீட்டிலும் அவன் அப்படித்தான். கூடத்துச் சுவருக்கு என்ன நிறம் என்று பேச்சு வந்தபோது பிள்ளைகள் இரண்டும், மாமனாரும், அக்காவும் ஒரு மணி நேரம் மோதிக்கொண்டார்கள். அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு நிறம் சொன்னான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அவன் மனைவிக்குக் கப்பலில் வேலை. சலவைப் பிரிவை மேற்பார்வையிடுபவள். போன வருடம் கிளம்பியவள் வரும் பதினான்காம் தேதிதான் கரை இறங்குகிறாள். ஒன்பது நாள். இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் மறுபடி கப்பலேற வேண்டும். பட்டறையிலோ ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் விடுமுறை. முன்பெல்லாம் அதற்காக வருடாவருடம் சண்டை. முதலாளி சலித்துப்போய், "நீங்களே தீத்துக்கங்க, என் உயிரை வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து, விடுமுறை வேண்டிய மாதத்தின் முதல் சனிக்கிழமை, மூன்று மணி அடிக்கும்போது யாரிடம் லென்ஸ் அதிகமோ, அவர்தான் விடுமுறைத் தாளில் முதலில் எழுதலாம். இந்த முறை பாலிஷ்காரருக்கும் அதே நாட்கள் வேண்டும். அவருடைய மச்சான்மார் மீன்பிடிக்கப் படகு பேசியிருந்தார்கள்.

"உன் பொண்டாட்டி வர்றான்னு சொன்னா விட்டுக் கொடுத்துருவாரேடா" என்றாள் அக்கா.

"கொடுத்துருவாருக்கா. அப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு."

அந்தச் சனிக்கிழமை அக்கா தன் கண்ணாடியின் காதுப்பிடி லூசாகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டாள். சட்டம் பொருத்தும் அம்மா அதை ஒரே திருகில் சரிசெய்து கொடுத்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான்காவது ஆள் டெலிவரிக்காரர். அக்கா தம்பிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"உக்காருங்கக்கா, நல்லா உக்காருங்க" என்றார் பாலிஷ்காரர். "உங்க முகத்தப் பாத்தே உங்க தம்பி சீட்டைச் சொல்லிருவேன்."

மூன்றடிக்கப் பத்து நிமிடம். கூடு பாலிஷ்காரர் முன்னால். ஆகவே முதலில் பேச வேண்டியவன் தம்பி. அவன் சீட்டின் ஓரத்தை விரலால் தூக்கியபோது அக்காவும் பார்த்தாள்: ஒரு ராணி, ஒரு பத்து. பின்தங்கியிருந்தவன் கட்டுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் இரண்டையும் கவிழ்த்துப் போட்டுவிட்டான். நடுவில் முதலில் திறந்ததே ராணி. கடைசியில் வெறும் ஒன்பது ஜோடியை வைத்துக்கொண்டு பாலிஷ்காரர் அத்தனை லென்ஸையும் வாரிக்கொண்டார்.

"அடப் பாவி, உன் ராணிடா" என்று அக்கா அவன் காதருகே முணுமுணுத்தாள்.

"அந்த இடத்துல அது சீட்டே இல்லக்கா" என்றான் அவன், திரும்பாமலே. பாலிஷ்காரரிடம் ஐம்பத்தாறு, அவனிடம் நாற்பத்தேழு.

கூடு நகர்ந்து தம்பியிடம் வந்தது. மூன்றடிக்க இன்னும் இரண்டு நிமிடம். இதுதான் கடைசி ஆட்டம். ஆளுக்கு ஒரு லென்ஸ் வைத்துச் சீட்டு போட்டார்கள். தம்பிக்கு வந்தது ஓர் ஏழு, ஓர் ஐந்து, நிறமும் சேரவில்லை. சட்டம் பொருத்தும் அம்மா ஒதுங்கினார். டெலிவரிக்காரர் மூன்று கட்டினார். பாலிஷ்காரர் ஏற்றவில்லை, மூன்றை மட்டும் தள்ளினார். தம்பியும் மூன்று வைத்தான். அக்கா கைக்குட்டையை எடுத்து முனைக்கு முனை மடிக்க ஆரம்பித்தாள்.

நடுவில் மூன்று சீட்டு திறந்தது: ராஜா, ஒன்பது, இரண்டு. தம்பிக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

"பாஸ்" என்றார் டெலிவரிக்காரர்.

பாலிஷ்காரர் ராஜாவைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். "பாஸ்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம். தம்பி அவசரப்படவில்லை. பத்து லென்ஸை எண்ணி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கு சரியாதபடி நடுவில் தள்ளினான்.

டெலிவரிக்காரர் உடனே சீட்டைப் போட்டார். பாலிஷ்காரர் தம்பியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்காமல் அக்காவைப் பார்த்தார். "என்னக்கா, ராஜாவா?"

அக்கா கைக்குட்டையைப் பிரித்து, மடிப்பு கோணலாக இருக்கிறதென்று மறுபடி மடித்தாள்.

"இவன் சும்மா வைக்கிற ஆளில்லப்பா. போன ஆட்டத்துலகூடச் சீட்டைப் போட்டுட்டான்ல?" பாலிஷ்காரர் சீட்டை விட்டெறிந்தார். "எடுத்துக்க போ."

மணி மூன்று அடித்தது. ஐம்பத்தாறு தம்பியிடம், ஐம்பத்திரண்டு அவரிடம்.

"என்னடா வச்சிருந்த? சொல்லித் தொலை!"

தம்பி இரண்டு சீட்டையும் கட்டுக்குள் செருகிக் கலைத்தான். "படகுல சும்மாதானே உக்காந்திருப்பீங்க, யோசிச்சுப் பாருங்கண்ணே."

"மச்சான்கிட்ட அடுத்த வாரம்னு சொல்லுங்க" என்றார் சட்டம் பொருத்தும் அம்மா. "மீனுக்கு என்ன வேற சோலியா இருக்கு?"

தம்பி சுவரில் தொங்கிய தாளில் பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை எழுதினான். கையெழுத்து எப்போதும்போல் அச்சடித்தாற்போல் இருந்தது. "கை கழுவிட்டு வந்துடறேன்க்கா" என்று உள்ளே போனான்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கை கழுவ இவ்வளவு நேரமா என்று அக்கா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், தலையை முழுதாகக் குழாய்க்கு அடியில் கொடுத்து அவன் நின்றுகொண்டிருந்தான்.