பாஸ்டர் சொன்னதும், சொல்லவில்லை என்றதும்

கிணத்துக்கடவில் தென்னைநார் மில்லில் வேலை பார்க்கும் சுகிர்தாவுக்கு, புருஷன் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவள் அவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். காரியம் முடிந்ததும் மில்லுக்குப் போனாள், வந்தாள், படுத்தாள்.

புருஷன் அருள்குமாருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை போட்டவரை அது தலைகாட்டவில்லை. மழைக்காலத்து உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் கிருபாசங்கர் அவன் தலையில் கைவைத்து, "ஆண்டவர் தொட்டுட்டாரு. இனி மாத்திரை போட்டா அது அவிசுவாசம்" என்றார். சபை அல்லேலூயா என்று முழங்கியது. சுகிர்தாவும்தான் சொன்னாள். பாஸ்டர் வாயிலிருந்து வந்தால் அது ஆண்டவர் சொன்னது. அந்தச் சபையில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அருள்குமார் மாத்திரையை நிறுத்தினான். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் வலிப்பு வந்து தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனான்.

பாஸ்டர் சொல்லித்தான் மாத்திரையை நிறுத்தினான் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை. அந்தச் சகோதரன் தானாத்தான் நிறுத்திப்போட்டாரு."

சுகிர்தா எழுந்து நின்றாள். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிற குரலில், "ஐயா, நீங்க சொன்னீங்க. நான் பக்கத்துலதானுங்க நின்னேன்" என்றாள்.

"துக்கத்துல பேசறீங்க அம்மணி, உக்காருங்க." பாஸ்டர் கையைக் காட்டினார். கீபோர்டு கிளம்பியது, பாட்டு ஆரம்பமாயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பாஸ்டரும் அவர் மனைவி கீதாவும் வீட்டுக்கு வந்தார்கள். சுகிர்தா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஊழியக்காரன் பேச்சு மாறினா ஜனங்க ஆண்டவரையே நம்பமாட்டாங்கம்மா" என்றார் பாஸ்டர்.

"நான் ஆண்டவரைக் கேக்கலீங்க. உங்களைத்தானுங்க கேக்கறேன். எல்லாரு முன்னாலயும் எங்க ஊட்டுக்காரரு மேல பழியைப் போட்டீங்க. அங்கயே எடுத்துப்போடுங்க."

பாஸ்டர் ஜெபிக்கக் கண்ணை மூடினார். கீதா மூடவில்லை.

"நீங்க சொன்னீங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "முன்வரிசையில உக்காந்து நானும் கேட்டேன். அப்பவே பயமா இருந்துச்சு. நானும் வாயைத் தொறக்கல."

ஜெபம் நடக்கவில்லை. இருவரும் எழுந்து போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மேடையில் ஏறவில்லை. கீழேயே நின்று மைக்கைப் பிடித்தார். "மாத்திரையை விடச் சொன்னது நான்தான். இல்லைன்னு போன வாரம் பொய் சொன்னேன்." அவ்வளவுதான். சிலர் அழுதார்கள். ஒரு குடும்பம் எழுந்து வெளியே போயிற்று. எல்லோரும் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை மடியில் நீவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதாவது அசையும் என்று அவளும் காத்துத்தான் பார்த்தாள்.

கேட்டருகே கீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசு கொஞ்சம் லேசாச்சுங்களா?"

"ஒண்ணுமே தோணமாட்டீங்குதுங்க" என்றாள் சுகிர்தா. சற்று யோசித்தாள். "ஆனா, அவரா நிறுத்திப்போட்டாருன்னு இனி யாரும் சொல்லமாட்டாங்கல்லங்க?"

"சொல்லமாட்டாங்க."

பொள்ளாச்சி பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.